பவுலின் வீட்டு ட்ரிப்பர்

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் பாலத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில், பவுலின் என்பவளின் வீட்டுக்குள் இரண்டாவதாக ஓர் ஆள் காலெடுத்து வைத்தால் கரண்ட் போய்விடும். அவள் தனியாக இருக்கும்போது அயர்ன் பாக்ஸ், மிக்சி, டி.வி., தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. இன்னொருவர் வந்து பாயில் உட்கார்ந்தால் போதும், ஒரே ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தாலும் கதவை ஒட்டின சுவரில் இருக்கும் ட்ரிப்பர் ‘டக்’கென்று விழும். வந்தவர் எழுந்துபோன பிறகு மேலே தள்ளினால் நிற்கும். 1992 தொடங்கி இது இப்படித்தான். பாலத்தில் எந்த ரயில் எப்போது போகும் என்று தெரிந்து வைத்திருப்பதுபோல, சந்துக்காரர்கள் இதையும் தெரிந்து வைத்திருந்தார்கள். பூனை நுழைந்தால் மட்டும் விளக்கு கொஞ்சம் மங்கி, யோசித்து, மறுபடி எரியும். பூனையை அது ஆளாகச் சேர்க்கவில்லை.

அந்த ட்ரிப்பர் பவுலின் கையாலேயே வந்தது. கோலார் தங்கவயலில் பிறந்து, கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தவள். பீன்யாவில் ட்ரிப்பர் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. வயர் தாங்காத லோடு ஏறினால் வீடு பற்றிக்கொள்வதற்குள் தானே விழுந்து கரண்டை நிறுத்துகிற சாமான் அது. உள்ளே மெல்லிய தகடு ஒன்று இருக்கும். லோடு கூடினால் தகடு சூடாகி வளையும்; வளைந்தால் கொக்கி விட்டுப்போய் ஸ்விட்ச் விழும். எவ்வளவு தாங்கின பிறகு விழ வேண்டும் என்பது ஒரு சின்ன ஸ்க்ரூவின் கையில் இருக்கிறது. பீஸை மேஜையில் மாட்டி, கரண்ட் விட்டு, விழுகிற இடம் பார்த்து ஸ்க்ரூவைத் திருப்பி, அது அப்புறம் நகராதபடி அதன் தலையில் சிவப்புப் பெயிண்ட் ஒரு சொட்டு வைப்பது பவுலின் வரிசைப் பெண்களின் வேலை. பொட்டு வைக்கிறது என்று அதற்குப் பெயர். பொட்டு வைத்ததைப் பிறகு யாரும் திருப்பக் கூடாது. தாலி கட்டின மாதிரி என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். தாலி கட்டினவன் எத்தனை கெட்டியாக இருப்பான் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது, பாவம்.

1991 டிசம்பரில் காவிரித் தண்ணீர் விஷயமாக ஊர் பற்றிக்கொண்டது. தமிழர் இருந்த சந்துகளில் ஜனங்கள் கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். பவுலினின் புருஷன் சில்வெஸ்டர், மரக்கடையில் பாலிஷ் போடுகிறவன், அவனும் பெட்டி கட்டினான். அவள் தன் சேலை இரண்டைக் கொண்டுவந்து அதில் வைத்தாள். அவன் அதை எடுத்து வெளியே போட்டான். “ரெண்டு பேரும் போய்ட்டா வீடு இன்னாவறது? வீட்டப் பாத்துக்க ஒரு ஆள் போதும்” என்றான். ஊர் அடங்கினதும் வந்துவிடுவதாகவும் சொன்னான். கலவரத்தில் பெண்சாதியைக் காவலுக்கு வைத்துவிட்டு ஓடுகிற ஆம்பளைக்கு ஒக்கலிபுரத்தில் தனியாக ஒரு வார்த்தை உண்டு, அது அச்சில் ஏறாது. அந்த ராத்திரிகளில் பவுலினைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி ஜயம்மா. இவள் வாசலில் நாற்காலியைப் போட்டு, கையில் உலக்கையோடு உட்கார்ந்து, வந்தவர்களிடம் எல்லாம் உள்ளே இருப்பது என் தங்கை என்று கன்னடத்தில் சத்தம் போட்டாள். ஊர் அடங்கியது. ஓடினவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து கதவைத் திறந்தார்கள். சில்வெஸ்டர் வரவில்லை. ஆம்பூர்ப் பக்கம் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று பொங்கலுக்குள் செய்தி வந்தது.

செய்தி வந்த மறுநாளும் பவுலின் வேலைக்குப் போனாள். ‘ஒரு ஆள் போதும், ஒரு ஆள் போதும்’ என்று அவன் சொன்னதே காதில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கரண்ட் விட மறந்து, வெறும் பீஸில் ஸ்க்ரூவைத் திருப்பி, பொட்டையும் வைத்துவிட்டாள். அடுத்த மேஜையில் சோதித்தபோது எவ்வளவு லோடு ஏற்றினாலும் அந்தப் பீஸ் விழவில்லை. தள்ளுபடிக் கூடையில் போட்டார்கள். கூடையில் இருப்பதை வேலைக்காரர்களே எடுத்துக்கொண்டு போவது அங்கே வழக்கம். பவுலின் அதை எடுத்துவந்து வீட்டில் மாட்டினாள். விழாத ட்ரிப்பரை வீட்டில் மாட்டுவது கொள்ளிக்கட்டையைக் கூரையில் செருகுவதற்குச் சமம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். பற்றி எரிந்தால் எரியட்டும் என்ற மனசு அந்த மாதம் அவளுக்கு இருந்தது. மாட்டி முடித்து, கைதட்டித் தூசி உதறினாள். ஜயம்மா கிண்ணத்தில் சாரு, கன்னடத்து ரசம், கொண்டுவந்து உள்ளே நுழைந்தாள். டக்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. ஜயம்மா வந்தால் விழுந்தது, அவள் புருஷன் வந்தால் விழுந்தது, ஈஸ்டருக்கு வீடு மந்திரிக்க வந்த சாமியார் தீர்த்தம் தெளிக்கக் கை தூக்கும்போது விழுந்தது. அவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜெபத்தை முடித்துக்கொண்டு கிளம்பினார். சந்தின் எலக்ட்ரீஷியன் கோதண்டராமன் இது என்ன பெரிய விஷயம் என்று, நம் ஊரில் எல்லா வீட்டிலும் செய்கிற வைத்தியத்தைச் செய்தார். ட்ரிப்பரைக் கழற்றிவிட்டுத் தடிமனான செம்புக் கம்பியால் நேராக இணைத்தார். பவுலினும் கோதண்டராமனும் வெளிச்சத்தில் ஒரு வாய் காபி குடித்திருப்பார்கள். முனையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. சந்து முழுக்க இருட்டு. ட்ரிப்பர் விழுந்தபோது அவள் வீடு மட்டும் அணைந்தது, ட்ரிப்பர் இல்லாதபோது லோடு தெருவுக்குப் போய்விட்டது. சந்துக்காரர்கள் கூடிவந்து, அம்மா தாயே உன் ஸ்விட்சையே மாட்டிக்கொள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். கோதண்டராமன் முனகிக்கொண்டே பழையபடி மாட்டினார்.

அதற்குப் பிறகு பவுலின் வீட்டுக்கு ஆள் வருவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. யாருக்கும் அவள்மேல் கோபமில்லை. டி.வி. பார்க்க வந்து இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு ஆசை? கொடுக்க வேண்டியதை வாசற்படிக்கு வெளியே நின்று கை நீட்டிக் கொடுத்தார்கள். ஒரு கால் உள்ளே வைத்தால் விளக்கு துடிக்கும் என்பதால் ஜயம்மாகூட நிலையைப் பிடித்துக்கொண்டு, குளத்தில் எட்டித் தண்ணீர் மொள்கிறவள்போல நின்று பேசினாள். ஒரு வருஷம் பவுலினுக்கு டைபாய்டு வந்தது. ஜயம்மா மெழுகுவர்த்தியோடு உள்ளே வந்து உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள். காய்ச்சல் இறங்கினதும் போய்விட்டாள், ட்ரிப்பரை மேலே தள்ளினால் வீடு பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் பவுலினுக்கு அழுகை வந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. டி.வி.யில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் இவளும் வணக்கம் என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன, மேம்பாலங்கள் வந்தன, சந்தில் பல வீடுகள் மாடி எழுப்பின. பவுலின் காதோரம் நரைத்தது.

ஸ்க்ரூவைத் திருப்பினால் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ட்ரிப்பரையே கழற்றி எறிவது வேறு, தாங்குகிற அளவை மாற்றுவது வேறு. அதுதானே அவள் தொழில். பொட்டைச் சுரண்டிவிட்டு ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். அதற்கென்றே ஒரு ஸ்க்ரூ டிரைவர் மேரி மாதா படத்துக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. கேட்டால் கம்பெனிச் சட்டம் என்பாள். உண்மை வேறு. இப்போது யாரும் வராததற்கு ஸ்விட்ச் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஸ்விட்சைச் சரிசெய்து, இரண்டு பேருக்கு வெளிச்சம் தயாராக இருந்து, அப்போதும் யாரும் வராவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம் அவளுக்கு இருந்தது.

2001இல் தங்கவயல் சுரங்கத்தை மூடினார்கள். அங்கே வேலை போனவர்களில் ஒருவர் குணசேகர், தங்கவயலிலேயே மாரிக்குப்பத்துக்காரர், பெண்சாதியை இழந்தவர், பிள்ளை குட்டி இல்லை. பவுலின் கம்பெனியில் கேட் வாட்ச்மேனாக வந்து சேர்ந்தார். தினமும் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலில் வந்து ரயிலில் போவார். ஒருநாள் சாயங்காலம் கொட்டின மழையில் ரயில் நின்றுவிட்டது. பஸ்ஸிலிருந்து கூடவே இறங்கின தன் ஊர்க்காரரை ஸ்டேஷனில் நனைய விட மனசில்லாமல் பவுலின் ஒரு வாய் டீக்குக் கூப்பிட்டாள். வழி முழுக்க அவர் கேன்டீன் சோற்றைத் திட்டிக்கொண்டே வந்தார், அரிசி வேகவில்லை, சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்று. உள்ளே நுழைந்தார், டக்கென்று விழுந்தது, அவர் சாம்பாரிலிருந்து மோருக்குப் போய்க்கொண்டிருந்தார். பவுலின் தடுமாறி மெழுகுவர்த்தியைத் தேடினாள். கரண்ட் போயிடுச்சு, மன்னிச்சிக்கங்க என்றாள்.

“போச்சா?” என்றார் அவர். “எனுக்குத் தெரிலம்மா. இருவத்தஞ்சு வருசம் பூமிக்குள்ள கெடந்தவன். இருட்டு எனுக்கு இன்னா புச்சா? நீ டீயப் போடு.”

அத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அய்யய்யோ சொல்லாத முதல் ஆள் அவர்தான். அடுத்த வாரமும் வந்தார். மழை இல்லாமலும் வந்தார். ஒருநாள் பவுலின் கதையெல்லாம் சொல்லி, மாதா படத்துப் பக்கத்திலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, இப்போது திருப்பிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார் குணசேகர். வெளிச்சத்தில் தனக்குப் பேச்சு வராது, கீழே சுரங்கத்தில் எல்லாரும் இருட்டில் பேசித்தான் பழக்கம் என்றார். சில்வெஸ்டர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அதற்கு முந்தைய வருஷமே தெரிந்திருந்ததால் தடையேதும் இல்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்து ஜயம்மாவும் கோதண்டராமனும்.

மற்ற வீடுகளில் விளக்கு எரிந்தால் ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். பவுலின் வீட்டில் அணைந்திருந்தால் இரண்டு பேரும் இருக்கிறார்கள், எரிந்தால் ஒருவர்தான் இருக்கிறார். குணசேகருக்கு நைட் டியூட்டி வரும் வாரங்களில் பகலெல்லாம் அவர் வீட்டில் தூங்குவார். பவுலின் புறப்படும்போது வாசலுக்கு வெளியே நின்று கையை நீட்டி ட்ரிப்பரை மேலே தள்ளுவாள், அவருக்கு ஃபேன் சுற்றும். முதல் தடவை அப்படிப் புறப்பட்டபோது அவர் பாயில் படுத்தபடியே, “வீட்டப் பாத்துக்க ஒரு ஆள் கீறேன். நீ போய்ட்டு வா” என்றார். கதையெல்லாம் சொன்ன அன்றும் சில்வெஸ்டரின் அந்த வார்த்தையை மட்டும் அவள் இவரிடம் சொன்னதே இல்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் அவளுக்குக் கண் தெரியவில்லை, அப்படித் தண்ணீர் நிறைந்தது. இருட்டில் அவர் எங்கே இருக்கிறார் என்று இளைப்பை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள். சுரங்கத் தூசி அவர் நெஞ்சில் உட்கார்ந்து விசில் அடித்துக்கொண்டிருந்தது. விளக்கு எப்படியும் இல்லை என்றான பிறகு மூன்றாவது ஆள், நாலாவது ஆள் வருவதற்கும் பயமில்லாமல் போயிற்று. ஜயம்மா தினமும் வந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

2006 மழைக்காலத்தில் அந்த விசில் நின்றது. ஆஸ்பத்திரியில் இறந்துபோனார், மாரிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள். உறவுக்காரர்கள் இன்னும் இரண்டு நாள் இருக்கச் சொன்னார்கள், பவுலின் கேட்கவில்லை, ரயிலேறினாள். வழி முழுக்க அவளுக்கு ஒரே பயம்தான். செத்துப்போனவர் செத்துப்போனார், அதைப் பார்த்தாயிற்று. இனி கதவைத் திறந்து உள்ளே போக வேண்டும், ட்ரிப்பரை மேலே தள்ள வேண்டும், அது நிற்கும். பளிச்சென்று எரியும். ஒரு தட்டு, ஒரு டம்ளர், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சாவைவிட அந்த வெளிச்சத்துக்குத்தான் பயந்தாள். ஜயம்மா கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று தனியாகத்தான் திறந்தாள். உள்ளே போய், செருப்பில் ஒட்டியிருந்த கல்லறை மண்ணோடு நின்று, கண்ணை மூடிக்கொண்டு ட்ரிப்பரைத் தள்ளினாள்.

டக்கென்று விழுந்தது. மறுபடி தள்ளினாள், விழுந்தது. சுற்றிலும் பார்த்தாள், பூனைகூட இல்லை. வெளியே போய்ச் சந்தில் நின்றபடி கையை நீட்டித் தள்ளினாள். நின்றது, பல்பு எரிந்தது. உள்ளே காலை வைத்தாள். விழுந்தது. அவள் பாயை விரித்து ஓர் ஓரமாக, இன்னொருவருக்கு இடம் விட்டு, உட்கார்ந்தாள். அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

நாலு நாள் பார்த்துவிட்டு கோதண்டராமன் மனசு கேட்காமல் டெஸ்டரோடு வந்தார். ஒண்டியாக இருக்கிறவள் இருட்டில் இருக்க வேண்டாமே என்பது அவர் எண்ணம். இத்தனை வருஷம் ஆனதில் பொட்டு உதிர்ந்திருக்கிறது, ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினால் விளக்கு நிற்கும் என்றார். “கைய எட்ங்கண்ணா” என்றாள் பவுலின். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள், ஆனால் அவர் இரண்டடி பின்னால் போனார். மறுநாள் கம்பெனியிலிருந்து மூடியில் கொஞ்சம் சிவப்புப் பெயிண்ட் கொண்டுவந்து, ஸ்க்ரூவின் தலையில் புதிதாக ஒரு பொட்டு வைத்து, காயும்வரை பக்கத்திலேயே நின்றாள். ஸ்க்ரூ டிரைவரைக் கோதண்டராமனிடமே கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து காலையில் அவள் வேலைக்குப் புறப்படும்போது வெளியே நின்று ட்ரிப்பரைத் தள்ளிவிட்டுப் பூட்டுகிறாள். பூட்டின வீட்டுக்குள் பகல் முழுக்க ஃபேன் சுற்றும், பல்பு எரியும். எதிர்வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்த கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருவன் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, ஆன்ட்டி அணைக்காமல் போய்விட்டார்களே, சொல்ல வேண்டாமா என்று ஜயம்மாவைக் கேட்டான். “மறந்து போகலப்பா, உள்ள அவரு இருக்கார்” என்று சொல்லிவிட்டு அவள் அவரைக்காய் உரிப்பதைத் தொடர்ந்தாள். சாயங்காலம் பவுலின் வந்து, பூட்டைத் திறந்து, காலை உள்ளே வைக்கும்போது விளக்கு அணையும். செருப்பைக் கழற்றிக்கொண்டே அவள் கேன்டீன் சோறு இன்றைக்கும் வேகவில்லை என்று சொல்ல ஆரம்பிப்பாள்.