ஆமென் சொன்னால்தான் வண்டி கிளம்பும்

அந்தப் பேருந்தில் மணி இருந்தது. ஆனால் காலையில் முதல் நடைக்கு வருகிறவர்கள் யாரும் அதற்குக் காது கொடுப்பதில்லை. ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து, கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்து, கடைசியில் "ஆமென்" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் ஹேண்ட் பிரேக்கை விடுவிப்பாள். அந்த ஆமெனுக்குத்தான் நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிப்பார்கள். டிப்போவில் அவளுக்கு ஆமென் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளைவிட வயதில் நன்றாகவே மூத்த மெக்கானிக்கும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அதில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஊழியம் என்றால் மேடையேறிப் பேசுவது என்று நினைக்கிற ஆள் இல்லை அவள். ஓடி வருகிறவருக்காகக் கதவைத் திறந்து வைப்பதும், கால் முடியாதவர் உட்காரும்வரை வண்டியை நகர்த்தாமல் இருப்பதும் அவள் கணக்கில் ஊழியம்தான். ஞாயிற்றுக்கிழமை பாடின வாய்க்கு மற்ற நாளெல்லாம் லீவா என்று கேட்பாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இருந்தாலும் அந்த ஸ்டியரிங்கைப் பிடிப்பதென்றால் அவளுக்கு உயிர்.

அப்படிப்பட்டவளை ஒருநாள் டிப்போ மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, வண்டில தூங்குறியாமே?"

"நானா? அந்த சீட்டுல யாரு சார் தூங்க முடியும்? ஸ்பிரிங் குத்துது."

"கண்ண மூடி, தலையத் தொங்கப் போட்டு, ஏதோ முணுமுணுக்குறியாம். கனவுல பேசுறதா புகார் வந்திருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னாள். மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனாலும் புகார் புகார்தானே.

"ஜெபம் பண்ணாதேன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கும் சேத்தே பண்ணு. ஆனா ஸ்டியரிங்கப் பிடிச்சா கண்ணு தொறந்திருக்கணும், வண்டி நின்னுட்டிருந்தாலும் சரி. இன்னொரு புகார் வந்துச்சுன்னா உன்ன வண்டி கழுவுற பக்கம் தள்ளிடுவாங்க. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

புகார் சொன்னது யார் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. முதல் சீட்டுக்காரர்தான். கடைக்காரர்களின் தராசைச் சோதித்து முத்திரை வைக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்ததே தவிர, குறை கண்டுபிடிக்கும் கண் ஓயவில்லை. தினமும் அவளுக்குப் பின்னால் உள்ள முதல் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டு வருவார்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் எலக்ட்ரீஷியன், ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் மைக்குக்கு அவன்தான் பொறுப்பு.

"வீட்டுலயே ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பேன். என்ன கெட்டுப் போச்சு?"

"வீட்டுல வீட்டுக்குப் பண்றேன். வண்டிக்கு வண்டிலதானே பண்ணணும்?"

"அப்ப கண்ணத் தொறந்து பண்ணு."

சொல்வது சுலபம். நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து, ஜெபம் என்றதும் இமை தானாக இறங்கிப் பழகியவள். கண்ணைத் திறந்துகொண்டு ஆண்டவரிடம் பேசுவது, அடுப்பைப் பார்த்துக்கொண்டே விருந்தாளியிடம் பேசுவது மாதிரி அவளுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. இருந்தாலும் பழகித்தானே ஆகவேண்டும்? அன்று இரவுச் சாப்பாட்டிலேயே ஒத்திகையை ஆரம்பித்தாள். கணவன் பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பாட்டுக்காக நன்றி சொன்னான். சொல்லிக்கொண்டே இருக்கையில் அவன் கை மட்டும் மெதுவாக நகர்ந்து, அவள் தட்டிலிருந்த பெரிய ஆம்லெட்டை எடுத்துவிட்டுச் சின்னதை அங்கே வைத்தது.

"ஓஹோ! இத்தனை வருஷமா இதுதான் நடக்குதா?"

கையும் களவுமாகப் பிடிபட்டவன், ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். "ஜெபத்துக்கு நடுவுல பேசக்கூடாதும்மா," என்றான்.

மறுநாள் பேருந்தில் அவள் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. எங்கே பார்ப்பது என்றும் தெரியவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அதில் ஆட்கள் தெரிந்தார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணும் பெண், இரவு வேலை முடித்துத் தூங்கி விழும் நர்ஸ், இரட்டைக் குழந்தைகளை மடிக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொண்ட தாயும் தகப்பனும். இத்தனை நாளும் "எல்லாரையும் காத்துக்கொள்ளும்" என்று மொத்தமாகக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த ஜெபம் இப்போது சில்லறையாகப் பிரிந்தது. இந்தப் பிள்ளைக்குப் படித்தது மறக்காமல் இருக்கட்டும், இந்த நர்ஸ் தன் நிறுத்தத்தில் விழித்துக்கொள்ளட்டும் என்று ஆளுக்கு ஒன்றாக ஆண்டவரிடம் கேட்டாள். அவளுக்கே அது பிடித்துப்போனது.

கண்ணாடியில் முதல் சீட்டுக்காரரும் இருந்தார். அவரை மட்டும் எப்படி விட முடியும்? "இவருக்கு வேறு ஏதாவது வேலை கொடும் ஆண்டவரே," என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். ஆனால் ஒருவருக்காக ஜெபிப்பதில் உள்ள தொல்லையே, அவரை உற்றுப் பார்க்க வேண்டியிருப்பதுதான். சில வாரங்களில் அவர் சட்டைக்கு இஸ்திரி இல்லாமல் போனது. பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். வழக்கமாக நூலகத்தில் இறங்குகிறவர், கையில் ஃப்ளாஸ்க்கோடு ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்க ஆரம்பித்தார். அவளுடைய பல்லின் கடி தளர்ந்தது. "யாருக்கு என்னவென்று தெரியவில்லை, நீர் பார்த்துக்கொள்ளும்," என்று அவருக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டாள்.

ஒருநாள் காலை அவர் ஏறினார், உட்காரவில்லை. அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"டிரைவரம்மா, அன்னிக்குப் புகார் சொன்னது நான்தான்."

"தெரியும் சார்."

"தூக்கம்னுதான் நெனச்சேன். ஜெபம்னு பின்னாடி இவங்கல்லாம் சொல்லித்தான் தெரியும்." கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன். இதயத்துல. எனக்கு ஜெபமெல்லாம் பண்ணத் தெரியாது. நீங்க எங்களுக்காக..."

"தினமும் பண்ணிட்டுதான் சார் இருக்கேன். நீங்க ஃப்ளாஸ்க்கோட ஆஸ்பத்திரில எறங்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

அவர் திகைத்துப் போனார். "கண்ண மூடவே இல்லியே? நான் பாத்துட்டேதானே இருந்தேன்?"

"தொறந்துட்டும் பண்ணலாம் சார். பழகிட்டேன்."

ஆயுள் முழுக்கத் தராசின் முள்ளைப் பார்த்த மனிதர். எடை குறைகிறதோ என்ற சந்தேகம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. "தப்பா நெனக்காதீங்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மூடிப் பண்ணுங்கம்மா. முழுசா."

"கண்ண மூடினா என் வேலை போயிடும் சார்."

"நான் ரோட்டப் பாத்துக்கறேன்," என்றார் அவர்.

வண்டி டிப்போவிலேயே நின்றுகொண்டிருந்தது. இன்ஜினே போடவில்லை. பார்ப்பதற்கு அங்கே ரோடு ஏது? வேறொரு நாளாக இருந்தால் அவள் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். எதிரே அலுவலக ஜன்னலில் மேலாளரின் தொப்பி தெரிந்தது. திறந்த கண்ணோடு பண்ணினாலும் ஆண்டவர் கேட்பார் என்று இவருக்கு விளக்கிச் சொல்ல அது நேரமில்லை. வண்டி கழுவத்தான் வேண்டுமென்றால் கழுவிக்கொள்ளலாம்.

"அவங்க பேரு என்ன சார்?"

அவர் சொன்னார்.

அவள் ஸ்டியரிங்கின் மேல் கைகளை வைத்துக் கண்ணை மூடினாள். இந்த முறை சத்தமாகவே ஜெபித்தாள். "ஆண்டவரே, இந்த அம்மா உம்முடைய பிள்ளை. ஆபரேஷன் பண்ற டாக்டரோட கையப் பிடிச்சுக்கும். வெளியில காத்திருக்கப் போற இவர் கையையும் பிடிச்சுக்கும். சாயந்தரம் இவங்க ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்கணும்..."

பின்னால் மனப்பாட முணுமுணுப்பு நின்றது. குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. படிக்கட்டில் காலடி கேட்டது.

"என்னம்மா, நேரமாச்சு, வண்டி இன்னும்..." மேலாளரின் குரல்.

"உஷ்!" என்றார் முதல் சீட்டுக்காரர். "அவங்க தூங்கல."

அவள் ஆமென் சொன்னாள். வண்டி முழுக்க ஆமென் சொன்னது. கண்ணைத் திறந்து பார்த்தாள். மேலாளர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே நின்றிருந்தார். கண்ணாடியில் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் கண்ணை மூடியிருந்தார்கள். முதல் சீட்டுக்காரர் மட்டும் மூடவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, முன்கண்ணாடி வழியாக வெறும் டிப்போ வாசலை இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் தாடை வரைக்கும் இறங்கியிருந்தது. அதைத் துடைப்பதற்குக்கூட அவர் பார்வையை எடுக்கவில்லை.