தலையில்லாத கெளுத்தி

ஆறு கெளுத்தியையும் ஃபார்மலினில் போட்டவள் நான்தான். முதலில் துடுப்பில் ஒரு துண்டு வெட்டி ஆல்கஹாலில் வைக்க வேண்டும். அப்புறம்தான் மீனை ஃபார்மலினில் இறக்க வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடம் பெருக்குகிறவருக்குக்கூட இது தெரியும். எனக்கு எலும்பு எண்ணும் அவசரம், கண்ணை மறைத்துவிட்டது.

எண்ணியும் விட்டேன். எக்ஸ்ரேயில், வயிற்றுக்குப் பின்னால் மட்டும் முதுகெலும்பில் நாற்பத்திரண்டு கண்ணி. எங்கள் ஜம்பி மாகாணத்தில் கிடைக்கும் மற்ற கெளுத்திக்கு முப்பத்தெட்டைத் தாண்டாது.

மரபணு பார்க்கும் சுல்ஃபான் ஜாடியைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"அறிவிருக்கா மர்தியா? ஃபார்மலின்ல ஊறினதுல மரபணு எங்கேர்ந்து தேறும்? வெறும் எலும்பைக் காட்டினா, தண்ணிச் சூடு மாறினா கண்ணியும் மாறும்னு கம்பெனி வக்கீல் ஊதித் தள்ளிடுவான்."

"தெரியும்டா, கத்தாதே!"

வியாழக்கிழமை விசாரணை. இது தனி இனம் என்று நிரூபித்தால், இது கிடைத்த சதுப்பில் கம்பெனி கால்வாய் வெட்டுவது நிற்கும். இல்லையென்றால் திங்களன்று இயந்திரம் இறங்கும், தண்ணீர் வடிந்துபோகும். இந்த மீன் வேறெங்கும் கிடைத்ததில்லை.

படகெடுத்துக்கொண்டு யாத்திமா அக்காவிடம் ஓடினேன். அந்த ஆறையும் தன் பொறியில் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

"இப்ப ஏது மீனு? உனக்குக் குடுத்தப்புறம் ஒண்ணுகூட விழலையே. முன்னாடி புடிச்சது மூணு கருவாடா கெடந்துச்சு. பொரிச்சிட்டிருக்கேன், இருந்து சாப்பிட்டுப் போ."

கருவாடு! உப்பில் காய்ந்த சதையில் மரபணு நிற்கும். அடுப்படிக்குப் பாய்ந்தேன். இரண்டு ஏற்கெனவே எண்ணெயில் கிடந்தன. மூன்றாவதை அவள் கையிலிருந்தே பிடுங்கினேன்.

"அடிப்பாவி, அவ்வளவு பசியா உனக்கு!"

தலை இல்லை, அதை வெட்டி வாத்துக்குப் போட்டிருந்தாள். பரவாயில்லை, வயிற்றுக்குப் பின்பக்கம் முழுசாக இருந்தது. ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே எடுத்து இரண்டு தடவை எண்ணினேன். நாற்பத்திரண்டு. சதையில் ஒரு துண்டை சுல்ஃபானிடம் கொடுத்துவிட்டு மூன்று நாள் தாழ்வாரத்தில் அலைந்தேன். புதன்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு வந்தான்.

"தனி இனம்தான், போ. இனிமேலாவது துடுப்பை வெட்டு."

நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

விசாரணையில் அதிகாரி எலும்பு, மரபணு என்று இரண்டு அறிக்கையையும் நிதானமாகப் படித்தார்.

"சரிம்மா, தனி மீன்தான். உயிரோட ஒண்ணு காட்ட முடியுமா?"

ஜாடியில் கிடந்த ஆறு மட்டுமே நினைவில் வந்தது. ஐயோ, கடைசி ஆறையும் கொன்றது நானேதானா?

"இல்லாத மீனுக்கு எதுக்குங்க தண்ணி?" என்று வக்கீல் சிரித்தார்.

பின்வரிசையில் யாத்திமா அக்கா எழுந்துவிட்டாள்.

"ஆறை இவ மருந்துல போட்டா, மூணை நான் தின்னுட்டேன். இவ திருடிட்டுப் போனது போக, வாத்து தின்ன தலையோட சேத்து ரெண்டேகால்னு வச்சுக்கோங்க. இன்னும் மிச்சம் இருந்தா அந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்கணும். அதையும் வடிச்சிட்டா நாங்க எங்கே போய்த் தேடுறது, உங்க மேசைக்கு அடியிலயா?"

சிரிப்பு அடங்கியதும் அதிகாரி எழுதினார்: மழைக்காலம் முடியும்வரை கால்வாய் வெட்டக் கூடாது. அதற்குள் உயிரோடு ஒரு மீனைக் காட்ட வேண்டும்.

இன்றோடு பத்தொன்பது நாள். நானும் அக்காவும் விடிந்ததும் பொறி தூக்குகிறோம். இடுப்பில் கத்தரியும் ஆல்கஹால் புட்டியும் தயாராக இருக்கின்றன. ஒவ்வொரு பொறியும் வெறுமையாக வரும்போது அக்கா என்னை ஒன்றும் சொல்வதில்லை. திட்டினாலாவது தேவலை.