பேசாமல் நின்ற ஒரு நிமிஷம்

ஜோதியம்மாள் அடி அண்ணாமலையிலிருந்து பஸ் ஏறி அந்தக் கிறித்தவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தபோது காலை ஜெபம் முடிந்திருந்தது. வாட்ச்மேன் அவளை மின்னணு ஊடகத் துறை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனார். மடியில் ஒரு துணிப்பை. கழுத்தில் ஹெட்போனோடு வந்த மாணவி எழிலரசியை அவள் நிறுத்தினாள்.

"பாப்பா, கிரிவலப் பாதையில டீக்கடை வெச்சிருந்த எம் பொண்ணு பொன்னிகிட்ட பேட்டி எடுத்தது யாரு?"

"நாங்கதாம்மா. அக்கா நல்லா இருக்காங்களா?"

"ஜுரம்னு ஆஸ்பத்திரியில சேத்தோம். பொணமாத்தான் குடுத்தாங்க." ஜோதியம்மாள் பையின் காதைத் திருகிக்கொண்டே சொன்னாள். "ஃபோட்டோ இருக்குது பாப்பா. கொரலு இல்ல. என்னுது பட்டன் ஃபோனு. காலேஜி புள்ளைங்க நான் பேசினதை டேப்பு புடிச்சிட்டுப் போச்சுங்கன்னு பெருமையா சொன்னா. ஒரு வாட்டி கேட்டுட்டுப் போயிடறேன்."

எழிலரசி ஹெட்போனைக் கழற்றினாள். "உக்காருங்கம்மா, வந்துடறேன்" என்று எடிட்டிங் அறைக்குள் போனாள்.

பொன்னியின் பேச்சு அவளிடம் இல்லை. பௌர்ணமி மத்தியானம் கூட்டம் சேருமுன் பதிவு செய்தது அது. அடுத்த வகுப்பு ரெக்கார்டரைக் கேட்டு நின்ற அவசரத்தில், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டதாக நினைத்து மெமரி கார்டை அழித்துவிட்டாள். திறந்து பார்த்தால் கடைசிப் பதிவு மட்டும்தான் ஏறியிருந்தது. பேட்டி முடிந்ததும் எல்லாரையும் வாய்மூடி நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிஷம் எடுப்பார்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் வைப்பதற்கு. மிஞ்சியது அதுதான். அன்றைக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பூக்காரர் ஒருவரைப் பேட்டி எடுத்து, வேலையை ஒப்படைத்து, நல்ல மார்க்கும் வாங்கியாயிற்று.

அவளோடு பேட்டி எடுக்கப் போயிருந்த அருள்ராஜ் அறையில் இருந்தான்; விஷயத்தைக் கேட்டுவிட்டு மேஜையைத் தட்டினான்.

"பூஜாவைக் கூப்புடு. வகுப்புல எல்லார் படத்துக்கும் அவதானே டப்பிங் பேசறா. அந்தக்கா சொன்னது நமக்கு ஞாபகம் இருக்குது, அதை இவ பேசட்டும். பின்னாடி ரோட்டு சத்தத்தை ஜாஸ்தியா வெச்சா யாருக்குத் தெரியும்?"

"அவங்க அம்மாடா."

"அழுதுட்டே கேக்கறவங்களுக்கு வித்தியாசமா தெரியப்போவுது? அந்தம்மா நிம்மதியா போவட்டும். நீயும் தப்பிச்சிடுவ."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லாதிருந்தால் எழிலரசி ஒருவேளை சம்மதித்திருப்பாள். அதைக் கேட்டதும்தான், தான் யாருக்காகப் பயப்படுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தினமும் ஜெபத்தில் எல்லாரோடும் தலைகுனிந்து நிற்கும்போது அவள் மனசுக்குள் அண்ணாமலையாரைத்தான் கும்பிடுவாள். யாரைக் கும்பிட்டால் என்ன? இதைச் செய்துவிட்டு நாளைக்கு அங்கே தலைகுனிய முடியாது.

ஜோதியம்மாளை உள்ளே அழைத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். தான் உட்காரவில்லை.

"அக்கா பேசினது இல்லைங்கம்மா. நான்தான் அழிச்சிட்டேன். பாக்காம செஞ்சிட்டேன்."

ஜோதியம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். வெளியே யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள்.

"அப்போ எம் பொண்ணு ரெண்டு வாட்டி செத்துட்டாளா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, அக்கா பேசாம நின்ன ஒரு நிமிஷம் இருக்குது. அதுல வார்த்தை ஒண்ணும் இல்ல. இருக்கறது அது ஒண்ணுதான்."

"பேசாததைக் கேட்டு நான் இன்னா பண்றது?"

கதவு வரை போனவள் அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தாள். எழிலரசி ஹெட்போனை அவள் காதில் பொருத்தினாள். அருள்ராஜ் எழுந்து, யாரும் சொல்லாமலே, ஃபேனை நிறுத்தினான்.

ஸ்டவ் இரைந்தது. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன். ஜோதியம்மாள் கல்லாட்டம் இருந்தாள். நடுவில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொண்டன.

"கழுவறா" என்றாள், ஹெட்போன் மாட்டியவர்கள் பேசுவதுபோல் சத்தமாக. "சும்மா நில்லுன்னா நிக்க மாட்டாளே கழுதை."

அப்புறம் பதிவின் கடைசி இடம் வந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் பொன்னியின் மூக்கு வழியாக ஒரு சின்னக் காற்று. அதை அடக்க இன்னொரு மூச்சு. அதோடு பதிவு முடிந்தது.

ஜோதியம்மாளின் இரண்டு கையும் ஹெட்போனை அழுத்திப் பிடித்தன. அவள் அழுத அழுகையில் ஆறுதல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அருள்ராஜ் சுவரைப் பார்த்து நின்றான். "இன்னொரு வாட்டி" என்றாள். எழிலரசி போட்டாள். மறுபடியும் போட்டாள்.

கடைசியில் ஜோதியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பட்டன் ஃபோனை நீட்டினாள்.

"இதுல ஏறுமா?"

எழிலரசி அந்த ஃபோனின் மெமரி கார்டைக் கழற்றி அதில் பதிவை ஏற்றினாள். ஏறிவிட்டது என்று திரை சொன்னதை நம்பவில்லை. கார்டைத் திரும்பப் போட்டு, ஃபோனைக் காதில் வைத்து, ஸ்டவ் இரைச்சலிலிருந்து அந்த மூச்சு வரை முழுசாகக் கேட்டாள். பிறகுதான் கொடுத்தாள்.

ஜோதியம்மாள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லக்கூடிய நிலையிலும் இல்லை. வாசலைத் தாண்டியவள், பை இன்னும் கையில் இருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தாள்.

"கொய்யா. ஊட்டாண்ட காய்ச்சது. டேப்பு புடிச்ச புள்ளைங்களுக்குன்னு பறிச்சேன்" என்று மேஜைமேல் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள்.