ஒன்பது நிமிடம் பின்னால் வந்தவள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. யார் தலையில் அடித்து வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம். சொல்பவனின் தலை வழுக்கை, கை நழுவினால் அதைப் பெரிதுபடுத்தக் கூடாது, அவ்வளவுதான். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் பெண்ணின் மகள் இந்த உலகத்தைவிட ஒன்பது நிமிடம் பின்னால் வாழ்ந்தாள். நடப்பது, சாப்பிடுவது, படம் வரைவது எல்லாம் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான். அழுகை, சிரிப்பு, வலி, கேட்ட கேள்விக்குப் பதில், இதெல்லாம் ஒன்பது நிமிடம் கழித்து வந்து சேரும். கிச்சுகிச்சு மூட்டிவிட்டுக் கிளம்பிய சித்தப்பா பேருந்து ஏறிய பிறகு வீடு அதிரச் சிரிப்பாள். மழையில் விளையாடிவிட்டு ஒரு பொட்டு ஈரமில்லாமல் உள்ளே வந்து உட்காருவாள். ஒன்பதாவது நிமிடத்தில் நாற்காலியோடு சேர்த்துச் சொட்டச் சொட்ட நனைவாள். தடுப்பூசி போடும் நர்ஸுக்கு அவள்மேல் தனிப் பிரியம். "ராசாத்தி இவ, அழுகையை எனக்கு வைக்காம பார்சல் கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவா!" பள்ளியில் டீச்சர் மணியடிக்கும் முன்பே வாசலில் நின்று அவள் பெயரைக் கூப்பிட்டு வைத்துவிடுவார்; முறை வரும்போது "உள்ளேன் டீச்சர்" சரியாக வந்து விழும். தெரு முழுக்க இதற்குப் பழகிவிட்டது. பழகாதவர் ஒருவர்தான், மயக்க மருத்துவர். அந்த ஒன்பது நிமிடம் எங்கிருந்து வந்தது என்று தனக்கு மட்டுமே தெரியும் என்று அவர் நினைத்திருந்தார்.

வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்கும்போது பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். தாய் விழித்திருந்து முதல் அழுகையைக் கேட்பாள். அறிவிப்புக்காரியின் பிரசவத்தன்று அதற்கு நேரமில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது, தாயை முழுதாகத் தூங்கவைத்தாக வேண்டும். இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வயிற்றைத் துடைத்து, துணி போர்த்தி, அறுவை மருத்துவர் கத்தியோடு நின்று தலையசைத்த பிறகே மருந்து உள்ளே போக வேண்டும். தாய்க்குக் கொடுக்கும் தூக்கம் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். நேரம் ஆக ஆகக் கூடுதலாகப் போகும். இருபது வருஷமாக இதில் இம்மி பிசகாதவர் அன்று பிசகினார். அறுவை மருத்துவர் கையுறைக்குள் விரலை நுழைத்துக்கொண்டிருக்கும்போதே மருந்தைச் செலுத்திவிட்டார். காரணம் மருத்துவம் இல்லை. மேசையில் கிடந்தவள், தாமதமான வண்டிக்கு மன்னிப்புக் கேட்கும் அதே குரலில், "தூங்க வச்சிடுங்க சார், பயமா இருக்கு சார், சிரமத்துக்கு மன்னிச்சிடுங்க சார்" என்று அழுதாள். அவரால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

சுவர்க் கடிகாரம் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் மருந்து போட்ட நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்தார்: பத்து இருபது. குழந்தை வெளியே வந்ததும் நர்ஸ் சுவரைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: பத்து முப்பத்திநாலு. ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டியது பதினாலு ஆகியிருந்தது. குழந்தை துவண்டு கிடந்தது. முகமூடி வைத்துக் காற்று கொடுத்ததும் மூச்சு வந்தது, நிறம் திரும்பியது, அழுகையை மட்டும் காணோம். அறுவை மருத்துவர் வயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தபோது அதுவும் வந்தது. "கல்லு மாதிரி இருக்கா, ஒரு கவலையும் வேண்டாம்" என்றார் குழந்தை மருத்துவர். எல்லோரும் நம்பினார்கள். மயக்க மருத்துவர் பதினாலில் ஐந்தைக் கழித்துப் பார்த்தார். விடையை யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு பதினோரு வருஷம் போயிற்று. அவர் அறிவிப்புக்காரியின் எதிர்வீட்டுக்குக் குடிவந்து டாக்டர் மாமா ஆனார். மாதம் தவறாமல் ஒரு பெட்டி கலர் பென்சில் கொண்டுபோய்க் கொடுத்தார். "அந்தப் பொண்ணுக்கு இருக்கறது ரெண்டு கை. மரவட்டைன்னு நினைச்சீங்களா?" என்று மனைவி கேட்டாள். அறுவை அறையில் கத்தியின் முனையைக் கண்ணால் பார்க்காமல் அவர் ஊசியைத் தொடுவதில்லை, இளம் மருத்துவர்கள் கத்தியைத் தூக்கிப் பிடித்து "சார், கத்தி! திருப்தியா பாத்துக்குங்க!" என்பார்கள். அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிடுவார்.

அவருக்குத் தெரியாத ஒன்று எதிர்வீட்டில் இருந்தது. மகளின் தாமதத்துக்குத் தானே காரணம் என்று அறிவிப்புக்காரி முடிவுகட்டியிருந்தாள். தூங்க வைக்கச் சொல்லிக் கெஞ்சியது அவள்தானே. அன்றிலிருந்து அவள் படுக்கவில்லை; நாற்காலியில் உட்கார்ந்தபடி கண் அசருவதோடு சரி. ஒலிபெருக்கியில் அவள் "வருந்துகிறோம்" என்றால் நடைமேடையில் நிற்பவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். வண்டியைத் திட்ட வந்தவர்கள் அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் பகல் வண்டிக்கு வருந்திக்கொண்டிருக்கும்போதே ஒலிவாங்கியின்மேல் சாய்ந்துவிட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் டாக்டர் மாமா ஓடினார். நாடி பார்த்தார். "படுத்துக்கம்மா" என்றார்.

"மாட்டேன் சார். ஒரு தடவை தூங்கினதுக்கே இவ இப்படி ஆயிட்டா. பெத்தவளே தூங்கிக் கிடந்தா வந்த புள்ள யாரைப் பாத்து அழும்? அம்மா எழுந்திரிப்பாளான்னு ஒன்பது நிமிஷம் காத்துப் பாத்திருக்கு."

அவர் நாடி பிடித்திருந்த கையை விட்டார். மகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளை வெளியே அனுப்பக்கூடத் தோன்றாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "தப்பு உன்மேல இல்லம்மா. கத்தி வர்றதுக்கு முன்னாடியே மருந்தைப் போட்டுட்டேன். ஒன்பது நிமிஷம் என் கணக்கு."

"ஏன் சார்?"

"நீ அழுத. பாக்க முடியலை."

"பதினோரு வருஷம் எதிர்வீட்டுலயே இருந்தீங்க. பென்சில் கொடுத்தீங்க. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தா நான் ஒரு நாளாவது முதுகைச் சாய்ச்சிருப்பேனே."

அவர் எழுந்தார். "உக்காருங்க" என்றாள் அவள், வாசலைப் பார்த்தபடி. "அவளும் கேட்டுட்டா. அவ என்ன சொல்றான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க."

இருவரும் உட்கார்ந்தார்கள். மகள் ஓர் ஆட்டுக்கு நீல நிறம் தீட்டினாள். மூன்றாவது நிமிடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறாவது நிமிடத்தில் மறுபடியும் துடைத்தார். ஒன்பதாவது நிமிடத்தில் பென்சில் நின்றது.

"டாக்டர் மாமா, அப்ப அம்மாவுக்கு வலிக்கவே இல்லையா?"

"இல்லம்மா."

அந்தப் பதிலுக்குப் பதில் வர இன்னொரு ஒன்பது நிமிடம் ஆயிற்று. யாரும் எழவில்லை. "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குக் கொம்பு போட்டாள்.

அறிவிப்புக்காரி உள்ளே போய்ப் படுத்தாள். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை; அந்த மூன்று நாளும் வண்டிகள், வருந்த ஆளில்லாமல், வெட்கமே இல்லாமல் தாமதமாக வந்தன. மகளின் தாமதம் போகவில்லை, அதைப் போகச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. வளர்ந்ததும் அவளுக்கு அதே நிலையத்தில் புகார் வாங்கும் மேசையில் வேலை கிடைத்தது. திட்டுகிறவர் திட்டி முடித்து வண்டியேறிய பிறகுதான் அவளுக்குக் கோபம் வரும். அப்போது எதிரே வேறொருவர் நிற்பார், ஒரு வாய் தண்ணீரோடு அதை விழுங்கிவிடுவாள். அப்படி ஓர் ஊழியரை நிலையம் கண்டதில்லை. ஓய்வுபெற்ற மயக்க மருத்துவர் தினமும் அந்த மேசைக்கு வந்து "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து ஒன்பது நிமிடம் காத்திருப்பார், அதற்கு ஒரு நிமிடம் முன்னால் எழுந்து போனதே இல்லை.

மருத்துவர்கள் நேரத்துக்கு வரட்டும் என்று அறுவை அறையின் சுவர்க் கடிகாரத்தை அவள் பிறந்த வருஷம் முழுக்க மருத்துவமனை ஆயாம்மா ஒன்பது நிமிடம் கூட்டி வைத்திருந்தார்.