கூப்பிடாத பெயர்

ஹால்வர்சன் பண்ணையில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாள் வந்துவிட்டால் விடிவதற்கு முன்பே வீட்டுக்காரி ஆர்டிஸின் அடுப்பு எரிய ஆரம்பித்துவிடும். சுற்று வட்டாரப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். இன்றைக்கு உன் கன்றுகளுக்கு நான், அடுத்த வாரம் என் கன்றுகளுக்கு நீ என்று மாற்றி மாற்றிச் செய்துகொள்வதுதான் அங்கே வழக்கம். கூலிக்கு ஆள் வைத்துச் சூடு போட்டவனைக் அமெரிக்காவின் கிழக்கு மொன்டானாவில் யாரும் மதிப்பதில்லை. செய்த வேலைக்குக் கிடைப்பது ஒரு மத்தியானச் சாப்பாடு, அவ்வளவுதான். அந்தச் சாப்பாட்டை வைத்துத்தான் வீட்டுக்காரியின் யோக்கியதை அடுத்த வருஷம் வரைக்கும் அளக்கப்படும். பக்கத்துப் பண்ணை டுவேன் ஆஸ்பியின் பெண்டாட்டி ட்ரூடி எப்போதோ ஒருமுறை உருளைக்கிழங்கை அரைவேக்காட்டில் பரிமாறிவிட்டாள். அவளுக்கு மருமகள் வந்த பிறகும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆண்களுக்கு வேறு பெருமை. பட்டிக்குள் குதிரையில் போய், கயிறு வீசி, கன்றின் பின்னங்கால்களைச் சுருக்கில் மாட்டி, நெருப்புப் பக்கம் இழுத்துவருவது நாலு பேர் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் புழுதியில் விழுந்து கன்றை அமுக்கிப் பிடிக்க வேண்டும், உதை வாங்க வேண்டும், மாட்டின் கண் முன்னாலேயே அதன் பிள்ளைக்குச் சூட்டுக்கோலை வைத்துவிட்டுத் தப்பித்து ஓட வேண்டும். குதிரையில் போகும் அந்த நாலு பேர் யார் என்பதைப் பண்ணைக்காரர் அன்று காலையில் பட்டி வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என்னையும் சேர்த்துக்கொள் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கேட்டவனை அப்புறம் ஜென்மத்துக்கும் கூப்பிட மாட்டார்கள். கயிறும் கையுமாக, எங்கோ வானத்தைப் பார்க்கிற பாவனையில், காதை மட்டும் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தாடி நரைத்த ஆம்பிளைகள்கூடப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல அப்படி நிற்பதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஆர்டிஸுக்கும் அவள் புருஷன் லாய்டுக்கும் ஒரே பெண், மார்லா. அவளுக்கு இருபத்தொரு வயதான வருஷம் அது. அந்தக் குளிர்காலத்தில் லாய்டு நிமோனியாவில் படுத்துவிட, மாடுகள் ஈனும் காலம் முழுவதையும் அந்தப் பெண் ஒற்றையாளாகத் தாங்கினாள். பனிப்புயலில் விழுந்த கன்றுகளைத் தோளில் போட்டுத் தூக்கிவந்து, குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி அதில் இறக்கி உயிர் கொடுத்தாள். அந்தப் பருவம் முழுக்க வீட்டில் யாரும் நிம்மதியாகக் குளிக்கவில்லை. கயிறு வீசுவதிலும் அவளுக்கு அந்த வட்டாரத்தில் ஈடு குறைவு. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எந்தப் பட்டியிலும் இதுவரை ஒரு பெண்ணைக் கூப்பிட்டதில்லை.

சூடு போடும் நாள் காலையில் அம்மாவும் மகளும் சமையலறையில் இருந்தார்கள். மார்லா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பேச்சை ஆரம்பித்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். அப்பாகிட்ட போய் ஒப்பிக்கக் கூடாது."

"நான் என்னிக்குடி ஒப்பிச்சேன்?"

"பில்லிங்ஸ்ல பாங்க் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்கல்ல, திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். இன்னிக்கு அப்பா பட்டி வாசல்ல என் பேரைக் கூப்பிட்டார்னா நான் எங்கயும் போகலை. இந்தப் பண்ணையிலயே இருந்துடுறேன். கூப்பிடலைன்னா கிளம்பிடுவேன்."

"இதென்னடி, சீட்டுக் குலுக்கிப் பார்க்கிற மாதிரி? உங்கப்பன்தானே, போய்க் கேளேன்."

"கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு கூப்பிட்டதா? குளிர்காலம் பூரா மாட்டு வயித்துக்குள்ள தோள் வரைக்கும் கையை விட்டுட்டுக் கிடந்தேன்மா. அவருக்கா தோணணும். நீ நடுவுல வாயைத் தொறந்தே, இன்னிக்கே பெட்டியைத் தூக்கிடுவேன்."

"எனக்கென்ன, நான் ஏன் தொறக்கிறேன்" என்றாள் ஆர்டிஸ்.

மார்லா ஊறுகாய் ஜாடி எடுக்கப் சமையலறையை ஒட்டின நிலவறைக்கு இறங்கிப் போனாள். அவள் போன சற்று நேரத்தில் லாய்டு காபிக் கோப்பையோடு உள்ளே வந்தான். வந்தவன் காபியைக் குடிக்காமல் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றான். மாட்டு விஷயத்தில் பெண்டாட்டியிடம் யோசனை கேட்டுப் பழக்கமில்லாதவன்.

"ஆர்டிஸ், இந்தத் தடவை டுவேனைக் கீழ நிக்க வச்சுட்டு நம்ம மார்லாவைக் குதிரையில ஏத்தலாமான்னு பார்க்கிறேன். அவன் போன வருஷம் வீசினதுல பாதி என் வேலிக்கம்பத்துலதான் விழுந்துச்சு. கம்பத்துக்கா சூடு போடுறது? நீ என்ன சொல்றே?"

ஆர்டிஸ் மாவுக் கையோடு நின்றாள். "ம்" என்று ஒரு எழுத்துச் சொல்லியிருந்தால் போதும். மகளுக்குக் கொடுத்த வார்த்தையை மீறினதாகவும் ஆகியிருக்காது. அவனாகத்தானே வந்து கேட்டான்?

ஆனால் அவள் மனசில் அந்த நேரத்தில் ஒன்று இல்லை, பல ஓடின. கல்யாணத்துக்கு முன்னால் அவளுடைய அப்பாவின் பண்ணையில் அவளும் கயிறு வீசியவள்தான், லாய்டைவிட நன்றாகவே வீசியவள். இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம், தன் கயிற்றை எடுத்துக்கொண்டு பட்டி வாசலுக்குப் போய் மற்றவர்களோடு நின்றாள். லாய்டின் கண் அவள் மேல் பட்டது, அப்படியே தாண்டிப் போனது. நாலு பெயரும் வேறு யாருடையதோ. அவள் திரும்பிவந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ரொட்டி சுட்டாள். அன்றிலிருந்து சுட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். எனக்குக் கிடைக்காதது இவளுக்கு மட்டும் சும்மா கிடைத்துவிடுமா என்று ஒன்று உள்ளே முனகியது. அதற்கு மேலேயே இன்னொன்றும் பேசியது: போகட்டும், இந்தக் காற்றிலும் புழுதியிலும் இவளும் ஏன் சாக வேண்டும், டவுனில் சனி ஞாயிறு லீவோடு மனுஷியாக வாழட்டும். பிற்காலத்தில் அவள் இந்த இரண்டாவதை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொண்டாள். முதலாவதும் அவளுடையதுதான்.

"டுவேனுக்கு மனசு விட்டுப் போயிடும்" என்றாள். "ட்ரூடி அப்புறம் என் மூஞ்சியில முழிப்பாளா? இத்தனை பேருக்கு நான் ஒருத்தியா எப்படி ஆக்கிப் போடுறது? பொண்ணை எனக்கு விடு."

"இல்லே, அவ ஆசைப்படுறாளோன்னு..."

"அதெல்லாம் நான் கேட்டுட்டேன். அவளுக்கு அதுல நாட்டமே இல்லையாம்."

"அப்படியா" என்றான் லாய்டு. கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

ஜாடியோடு மேலே வந்த மார்லா, "அப்பா வந்தாரா?" என்று கேட்டாள். காபி குடிக்க வந்தார் என்றாள் ஆர்டிஸ். மார்லா அம்மாவை ஒரு கணம் பார்த்துவிட்டு ஜாடியை வைத்தாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு, பட்டிக்கு நடந்தாள். ஆர்டிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மகள் எல்லோருக்கும் கடைசியாக, வேலிக்கம்பத்தில் சாய்ந்தபடி நின்றாள். லாய்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். மூன்று பெயர் ஆனதும் கொஞ்சம் நிறுத்தினான்.  கூப்பிட்டுவிடு, கூப்பிட்டுத் தொலையேன் என்றுகூட அந்த நிமிஷம் ஆர்டிஸ் நினைத்தாள். "டுவேன்" என்றான் லாய்டு.

மார்லா கயிற்றைச் சுற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டுச் சமையலறைக்கு வந்தாள்.

மத்தியானச் சாப்பாடு அந்த வருஷம் அமோகம். வறுத்த மாட்டிறைச்சி வெண்ணெயாகக் கரைந்தது, ஆப்பிள் பை பலகாரத்தில் ஒரு துண்டு மிஞ்சவில்லை. மார்லா வரிசையாகப் பன் பரிமாறிக்கொண்டு வந்தபோது டுவேன் வாய் நிறையச் சாப்பாட்டோடு சத்தம் போட்டான்.

"இந்தப் பன்னுக்காகவே உன்னை என் பையனுக்குக் கட்டிவைக்கலாம் மார்லா. அவனுக்குத்தான் மூளை இல்லை!"

"அவனுக்கு இருக்கிற மூளை போதும். உங்களுக்குக் குறி பார்க்கிற கண்ணுதான் வேணும். எங்கப்பாவோட வேலிக்கம்பத்தைக் கேளுங்க" என்றாள் மார்லா.

மேஜையே குலுங்கிச் சிரித்தது. லாய்டும் சிரித்தான். ஆர்டிஸ் மட்டும் சிரிக்க முடியாமல் குழம்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மார்லா பெட்டியைப் பிக்கப் வண்டியில் ஏற்றினாள். வண்டி போட்ட புழுதி அடங்கும் வரைக்கும் லாய்டு வாசலில் நின்றான். "நாட்டமில்லைன்னு சொன்னியே, சரியாத்தான் சொல்லியிருக்கே" என்றான் பெண்டாட்டியிடம். அவள் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. இப்போதே சொல்லிவிடலாம், வண்டி நெடுஞ்சாலையைத் தொட்டிருக்காது, துரத்திப் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி. உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள்.

அதற்குப் பிறகு வருஷங்கள் கரைந்தன. மார்லா பாங்கில் மேலே மேலே போனாள், ஒருவனைக் கட்டிக்கொண்டாள், அவனை விட்டும் வந்தாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள். வந்தால் அப்பாவும் மகளும் கூடத்தில் ஆளுக்கொரு நாற்காலியில் வெளியே பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். கூப்பிடாத கோபம் இன்னும் ஆறவில்லை என்று ஆர்டிஸ் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டாள். என்னிடமாவது போனில் பேசுகிறாளே, சமையல் குறிப்புக் கேட்கிறாளே என்று உள்ளூர ஒரு ஆறுதலும் பட்டுக்கொண்டாள். வெட்கக்கேடான ஆறுதல்தான். மகளின் கோபத்தைப் புருஷன் தலையில் கட்டிவிட்டு, அதில் இவள் குளிர்காய்ந்தாள்.

லாய்டுக்கு முழங்கால் போனபோது பண்ணையைப் பார்க்க ஆள் இல்லை. மந்தையை விற்றான், நிலத்தை டுவேனின் மகனுக்குக் குத்தகைக்கு விட்டான், அந்த மூளை இல்லாத பையனுக்கே. கடைசி லாரி மாடுகளை ஏற்றிக்கொண்டு போனபோது அவன் காலிப் பட்டிக்குள் போய் நின்றான். ஆர்டிஸ் பின்னாலேயே போனாள். நான்தான் அவளைத் துரத்தினேன், லாய்டு. வாய் வரைக்கும் வந்துவிட்டது. "சாப்பிட வா" என்றாள்.

போன ஏப்ரலில் லாய்டு தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான். அடக்கம் முடிந்து ஊரே வீட்டுக்கு வந்திருந்தது. அம்மாவும் மகளும் சமையலறையில் தட்டுக் கழுவினார்கள். மார்லாவுக்கும் தலை நரைத்துவிட்டது. அவள் தட்டுகளை வாங்கித் துடைத்து அடுக்கினாள். ஆர்டிஸ்தான் பேச்சை எடுத்தாள்.

"உங்கப்பா மேல இருக்கிற கோபத்தை இத்தோட விட்டுடு மார்லா. போன மனுஷன்."

மார்லா துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அப்பா மேல எனக்கென்னம்மா கோபம்?"

"அன்னிக்கு உன்னைக் கூப்பிடலையேன்னுதான்..."

"அம்மா, நான் நிலவறைப் படியிலதான் நின்னுட்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்துச்சு."

 ஆர்டிஸ் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுட்டுமா வாசல்ல போய் நின்னே?"

"நின்னேன். நீ சொன்னதையும் மீறிக் கூப்பிட்டுடுவார்னு ஒரு நப்பாசை."

"இத்தனை வருஷமா என்கிட்ட ஏன்டி ஒரு வார்த்தை கேட்கலை?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். சமையல் குறிப்புக் கேட்டுக் கேட்டு உனக்கு எத்தனை தடவை போன் பண்ணினேன்? எனக்குச் சமைக்கவே பிடிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

கூடத்தில் யாரோ லாய்டைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லோரும் மெல்லச் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆர்டிஸ் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. கேட்கப் பயமாக இருந்தது.

"உங்கப்பாவுக்கு...?"

"தெரியும். நான் போன அந்த வாரமே போன் போட்டுச் சொல்லிட்டேன். ஆத்திரத்துலதான் சொன்னேன். உன்னைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்கட்டும், வீடே ரெண்டுபடட்டும்னு."

"அவர் என்னை ஒண்ணுமே கேட்கலையே."

"எனக்கும் அதான் கோபம். அடுத்த வாரம் போன்ல சண்டை போட்டேன், ஏன் கேட்கலைன்னு.   அப்புறம்தான் சொன்னார், 'கல்யாணமான புதுசுல உங்கம்மா கயிறோட அந்த வாசல்ல வந்து நின்னா. நான் பார்த்துட்டுக் கூப்பிடாம விட்டுட்டேன். அவளைக் கேள்வி கேட்க எனக்கு வாய் ஏது?'ன்னார்."

ஆர்டிஸ் அடக்கத்தின்போது அழவில்லை. இப்போது அழுதாள். ஈரக்கையால் முகத்தை மூடிக்கொண்டு, கூடம் வரைக்கும் கேட்கும்படி, வாய்விட்டு அழுதாள். ட்ரூடியும் மற்ற பெண்களும் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். புருஷன் போன துக்கம் இப்போதுதான் உறைத்திருக்கிறது, அழுது தீர்க்கட்டும் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். மார்லா அவர்களை விலக்கவும் இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. மிச்சத் தட்டுகளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.