எவர்சில்வர் கவிஞர்

கவிஞரும் ஓவியருமான ஒரேலியன் த மார்சால் எழுபதாவது வயதில் சொந்த ஊரான ஓர்னெலுக்கே திரும்பிவிட்டார் என்று பேப்பரில் படத்தோடு போட்டிருந்தார்கள். கிஸ்லேன் அதைப் படித்துவிட்டு, அந்தப் பேப்பரிலேயே உருளைக்கிழங்கு வறுவல் மடித்து வாடிக்கைக்காரனிடம் நீட்டினாள். அவளுக்கு அப்படியொரு தம்பி கிடையாது. அவள் தம்பி பேர் ஃபெர்னான் பிரோ. அப்பா சுரங்கத்தில் கரி வெட்டினவர். பிரோ குடும்பத்தில் பேருக்கு நடுவே 'த' போட்டுக்கொள்ளும் ஜமீன் வாரிசு எவனும் இல்லை. பாரிசுக்கு ரயில் ஏறினவன் வழியில் எந்த ஸ்டேஷனில் அதைப் பொறுக்கினானோ, அவனுக்கே வெளிச்சம்.

பயலிடம் சரக்கே இல்லை என்று சொன்னால் பாவம். பதினேழு வயதில் சுரங்கக் கழிவு மேட்டின்மேல் ஏறி, சுண்ணாம்பால் ஆளுயர எழுத்துகளில் ஒரு கவிதை எழுதினான். எழுத்தே படமாகவும் இருந்தது. ஷிப்டு முடிந்து வந்தவர்கள் முகம்கூடக் கழுவாமல் நின்று படித்தார்கள். மழை வந்து கரைத்துவிட்டது. அது நல்ல கவிதைதான், கிஸ்லேன் இன்றைக்கும் மறுக்கமாட்டாள்.

கெட்டுப்போனது பாரிசில். ரொட்டித் துண்டுகளில் எழுத்தைச் சுட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தான். பூசணம் பூத்ததும் பூசணமும் கவிதைதான் என்றான். அதற்கும் தலையாட்ட ஆள் இருந்தது. குடையில் எழுதினான், குளியல் தொட்டியில் எழுதினான், கட்டின மனைவியின் முதுகில் எழுதினான். அவள் முதுகைக் கழுவிக்கொண்டு வேறொருத்தனோடு போய்விட்டாள். ஒரு மந்திரி பதக்கம் குத்தினார். அப்புறம் அவனை விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். சாகாதவர்கள் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அவன் எழுதினதில் நின்றது ஒன்றே ஒன்றுதான். 'கொழுப்பு நிலா.' பள்ளிக்கூடப் பாடத்திலேயே வந்தது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷம் ஒரே ஒரு நாள் வந்தான். அக்காவின் வண்டியில் நின்று ஓசியில் வறுவல் தின்றான், அம்மாவை எட்டிப் பார்த்தான், போய்விட்டான். போய் எழுதினான்:

கொழுப்பில் மிதக்கும் நிலா என் அக்கா.
உப்பு தூவுகிறாள்.
அவளுக்குத் தெரிந்த ஒரே பனி அதுதான்.

அன்றிலிருந்து ஓர்னெலில் அவளுக்கு அதுதான் பேர். "கொழுப்பு நிலா, ஒரு பெரிய பொட்டலம்" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அப்பன் கேட்டது போதாதென்று மகனும் கேட்டான், இப்போது பேரனும் கேட்கிறான். அவளும் சிரித்து வைப்பாள். சிரித்துவிட்டுச் சட்டிப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இப்போது ஊர் அவனை ராட்சதப் பொம்மையாக்கப் போகிறதாம். ஓர்னெலில் அதற்கு மேல் மரியாதை கிடையாது. பிரம்புக் கூடு கட்டி, தலை வைத்து, உடுப்பு மாட்டி, உள்ளே ஆட்கள் புகுந்து தூக்கி, வருஷா வருஷம் திருவிழாவில் ஆட்டுவார்கள். ஆள் செத்தாலும் பொம்மை ஆடும். ஆனால் முதலில் ஞானஸ்நானம் ஆகவேண்டும். ஞானத்தாய் உடுப்புப் போட்டு மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். மூன்றாவது கூப்பாட்டுக்கு எழுந்து ஆடினால்தான் அது பொம்மை. ஆடாவிட்டால் பிரித்துக் கூடை முடைந்துவிடுவார்கள்.

அவன் வண்டிக்கு வந்து நின்றான். கழுத்தில் சிவப்புத் துண்டு, கோட்டில் பதக்கம்.

"அக்கா, நீதான் ஞானத்தாயா இருக்கணும்."

"ஏன், பாரிசுல ஒரு சீமாட்டியும் கிடைக்கலையா?"

"வறுவல் விக்கிற அக்கா பக்கத்துல நின்னா போட்டோவுக்கு நல்லா இருக்கும். மண்வாசனை."

"வாசனையா? அது மாட்டுக்கொழுப்புடா."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சரியென்றாள், கூடப் பிறந்த தோஷம்.

பிரம்பும் துணியும் தன் கலைக்கு ஆகாது என்று அவன் பிரம்புக் கூட்டின்மேல் எவர்சில்வர் தகடுகளை அடுக்கி முடுக்கினான். தகடு முழுக்க அவன் கவிதைகள், ஒவ்வொரு எழுத்தும் ஓட்டை ஓட்டையாய் வெட்டினது. திருவிழா அன்று திறக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்று பொம்மை இருந்த கொட்டகையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். அக்காவுக்கு மட்டும் போனால் போகிறதென்று காட்டினான்.

நெஞ்சுத் தகட்டில், எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில், 'கொழுப்பு நிலா.'

கிஸ்லேன் அதை ஒரு தரம் முழுக்கப் படித்தாள். அவள் செத்துப் புதைந்த பிறகும் இந்த ஊர்த் தெருவில் இது ஆடிக்கொண்டு போகும். அவளைப் பார்த்தே இராத பிள்ளைகள் அதை வாய்விட்டுப் படிக்கும்.

"ஃபெர்னான், இத ஒண்ண மட்டும் எடுத்துருடா."

"என் பேர் ஒரேலியன்."

"சரி, ஒரேலியன். உன்ன கெஞ்சிக் கேக்குறேன். வேற எத வேணும்னாலும் போட்டுக்கோ."

"இதுதான் என் முகம், அக்கா. இத எடுத்தா அது நானே இல்ல."

"உன் முகத்துல என்னை ஏன்டா ஒட்டுற?"

"உனக்குக் கவிதை புரியாது. நீ சாகாதவளாயிட்ட, அதுல பெருமைப்படு."

அவள் குனிந்தாள். நெஞ்சுத் தகட்டின் கீழ்விளிம்பைப் பிடித்துச் சும்மா ஒரு தரம் தூக்கிப் பார்த்தாள். அசைந்தே கொடுக்கவில்லை. கொழுப்புச் சட்டியை ஆயுசு முழுக்கத் தூக்கின கைக்கே அந்தக் கனம். இவனும் இந்த ஊரில் பிறந்தவன், சின்னப் பிள்ளையில் பொம்மைகளின் பாவாடைக்குள் புகுந்து ஓடினவன். பொம்மை ஆடவேண்டும் என்பதே பாவிக்கு மறந்து போயிருந்தது. சொல்லலாமா என்று நினைத்தாள். தூக்க ஆளைக் கூப்பிட்டுப் பாரடா என்று ஒரு வார்த்தை. வாயைப் பொத்திக்கொண்டு வறுவல் வண்டிக்கே திரும்பிவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் எல்லாருக்கும் கொஞ்சம் தாராளமாகவே அள்ளிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சதுக்கம் நிரம்பி வழிந்தது. பேண்டு வாத்தியம், பீர், மேயர். கொட்டகையிலிருந்து டிராக்டரில் வைத்து இழுத்து வந்த பொம்மையின்மேல் போர்த்தின துணியை அவனே உருவினான். வெயிலில் கண் கூசியது. பேண்டுக்காரர்களே கண்ணை மூடிக்கொண்டார்கள். யாரோ ஒருத்தன் நெஞ்சுத் தகட்டைப் படித்தான், சிரிப்பு ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போயிற்று. கிஸ்லேன் நேராக நின்றாள். அவமானமாக இருந்தது.

பொம்மை தூக்குகிறவர்களின் தலைவன் ஒமெர் ஆட்களோடு உள்ளே புகுந்தான். உள்ளேயிருந்து முனகல் கேட்டது. பொம்மை அசையவில்லை. இன்னும் இரண்டு தடியன்களை அழைத்துப் புகுத்தினார்கள். முனகல்தான் கூடியது. ஒமெர் வெளியே வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"கவிஞரய்யா, இத கிரேன்தான் தூக்கணும். தகட்டக் கழட்டுங்க."

"தொட்டா தெரியும். அது என் நாப்பது வருஷ உழைப்பு."

"நாப்பது வருஷமும் என் முதுகுலயா ஏறணும்?"

சதுக்கம் கொல்லென்று சிரித்தது. சிறுசுகள் கூடை, கூடை என்று கத்த ஆரம்பித்தார்கள். ஒரேலியன் முகம் வெளுத்தது. பாரிஸ் கைவிட்டாயிற்று, இதுவும் போனால் அவனைச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அவன் அக்காவைப் பார்த்தான். வந்த நாளாய் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தான்.

"அக்கா, ஏதாவது சொல்லேன்."

"சொல்றேன்" என்றாள் கிஸ்லேன். "ஒமெர், பொம்மைக்கு உடுப்பு யார் இஷ்டம்?"

"ஞானத்தாய் இஷ்டம். வழிவழியா அதான்."

"அப்ப கழட்டு. எல்லாத்தையும்."

"அக்கா, இத எடுத்தா அது நானே இல்லன்னு சொன்னேன்ல."

"அதான் பார்ப்போம்."

தகடுகள் ஒவ்வொன்றாகக் கல் தரையில் மோதிக் காதைப் பிளந்தன. கடைசியில் வெறும் பிரம்புக் கூடு நின்றது, மேலே அவன் ஜாடையில் செய்த தலை. கிஸ்லேன் தன் இடுப்பிலிருந்த ஏப்ரனை அவிழ்த்தாள். கொழுப்புக் கறை படிந்த பழைய ஏப்ரன். அதைக் கூட்டில் கட்டிவிட்டு, ஒமெரும் ஆட்களும் மறுபடி உள்ளே புகுந்ததும், மார்பில் கை கட்டிக்கொண்டு, அம்மா கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டாள்.

"ஃபெர்னான்."

கூட்டம் சட்டென்று அடங்கியது. அந்தப் பேரைக் கேட்டே எத்தனையோ காலமாயிற்று.

"ஃபெர்னான்."

கவிஞர் தரையைப் பார்த்தார்.

"டேய் ஃபெர்னான்."

"என்னம்மா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். அதே நேரம் பொம்மை ஜம்மென்று எழுந்தது. ஏப்ரன் பறக்கச் சதுக்கத்தைச் சுற்றி ஆடிற்று. ஊரே கூடவே கத்திக்கொண்டு ஓடிற்று, "ஃபெர்னான், ஃபெர்னான்" என்று. ஒரேலியனைத் தேட ஒருத்தருக்கும் நேரமில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவன் வண்டிக்கு வந்தான். கழுத்துத் துண்டைக் காணோம்.

"என் தகடெல்லாம் எங்கே?"

"மத்ததெல்லாம் பழைய இரும்புக்காரன் ஏத்திட்டுப் போயிட்டான். இது ஒண்ணை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கிட்டேன்."

'கொழுப்பு நிலா' சட்டியின்மேல் சாய்வாகப் படுத்திருந்தது. கிஸ்லேன் சூட்டோடு வறுவலை அள்ளி அதன்மேல் கொட்டினாள். எழுத்து எழுத்தாகக் கொழுப்பு ஒழுகிச் சட்டிக்குள் விழுந்தது.

"நல்லா வடியுது" என்றாள். "உன் கவிதையில இப்பதான்டா ஒரு உபயோகம் பார்த்தேன்."

அவள் ஒரு பொட்டலம் மடித்து, உப்பு தூவி, அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிடு. காசு வச்சுட்டுப் போ."