வாங்காத மாத்திரை

முத்தாபுதுப்பேட்டை நாகப்பனின் மனைவி வேம்புலியம்மாளுக்குப் பாதம் மரத்துப்போய் நடை தள்ளாடியது. வைட்டமின் பி12 குறைவு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"சத்து மாத்திரைல்லாம் ஏமாத்து வேலம்மே. வயசானா கால் அப்டித்தான் இருக்கும். கீரை துன்னு, போதும்," என்று நாகப்பன் வாங்க விடவில்லை. அவளும் மறுத்துப் பேசவில்லை.

மறுவருடம் குளியலறையில் விழுந்தாள். மகள் யுவராணி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஊசி போடவைத்தாள். "லேட்டா வந்திருக்கீங்க. பழைய நடை முழுசா வராது," என்றார் டாக்டர்.

இப்போது வாசலுக்கு வரக்கூட நாகப்பன்தான் அவள் கையைப் பிடிக்கிறார். ஒருநாள், "தப்பு பண்ட்டேன் வேம்பு," என்றார்.

"உன்ன இன்னாய்யா சொல்றது? நானாச்சும் அடம்புடிச்சி வாங்கியிருக்கணும்," என்றாள் அவள்.

திட்டியிருந்தால்கூட அவருக்கு மனம் ஆறியிருக்கும்.